சிவப்பு காலிப்பர்

என் காரின் முன்சக்கரங்களுக்குள் தெரிந்த, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் சிவப்பு காலிப்பரைப் பார்த்து, "பிரேக் எப்படி சார் இருக்கு?" என்று கேட்ட எல்லோரிடமும், "கால் வெச்சா அதே இடத்துல நிக்கும்" என்றுதான் சொல்லிவந்தேன். அது பொய். கம்பெனி கொடுத்த பழைய பிரேக்கைவிட ஓர் அடி முன்னதாகக்கூட அது நின்றதில்லை. சூடேறிய பிறகு பழையதைவிட மோசமாகவே நடந்துகொண்டது. இது தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தேன். என் பேச்சை நம்பிய ஒரு பையன் காரோடு தடத்தை விட்டு வெளியே போன அன்றும் திறக்கவில்லை.

பெரிய கார் ஒன்றும் இல்லை. புனே பக்கம் தயாரான 1.0 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வார நாட்களில் ஓ.எம்.ஆர். நெரிசலில் அலுவலகம், டிராக் டே நடக்கிற ஞாயிறுகளில் இருங்காட்டுக்கோட்டை. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் 1990-இல் திறந்த அந்தப் பந்தயத் தடத்தின் சுற்று 3.717 கிலோமீட்டர். பணம் கட்டி, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சொந்தக் காரை ஓட்டலாம். பரிசும் கிடையாது, போட்டியும் கிடையாது. போட்டி கிடையாது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். பிட்டில் காரை நிறுத்தியதும் அவனவன் அடுத்தவன் வீலுக்குள் குனிந்து பார்ப்பான். நானும் பார்ப்பேன்.

பழைய பிரேக்கோடு ஓட்டியபோது, கடைசிச் சுற்றுகளில் பெடல் கொஞ்சம் ஆழமாக இறங்குவதுபோல் பட்டது. வழக்கமாகப் போகும் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழைய பிரேக் ஆயிலை முழுசா எடுத்துட்டு டிராக்குக்குன்னு வர்ற ஆயில் ஊத்துவோம் சார். முன்பக்க பேட் ரெண்டு செட்டும் மாத்துவோம். வேற எதையும் தொடாதீங்க" என்றார். செலவு எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு குறைவு. பிரேக் ஆயிலை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை, பேடையும் பார்க்கப்போவதில்லை. எனக்கு வேண்டியிருந்தது பார்க்கப்படுகிற ஒன்று. ஆனால் அன்று அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நான்கு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட அகலமான டிஸ்க், இரண்டும் சேர்ந்த கிட் ஒன்றை வரவழைத்தேன். பழைய 15 அங்குல வீலுக்குள் அது அடங்கவில்லை. ஆகவே 17 அங்குல அலாய், அதற்குப் புது டயர். மனைவியிடம் பாதி விலைதான் சொன்னேன். பிரேக் என்று சொன்னால் எந்த வீட்டில் மறுப்பார்கள்? மெக்கானிக் ஒன்றும் பேசாமல் மாட்டிக்கொடுத்தார். ஆயிலை மட்டும் மாற்றவில்லை. கழற்றும்போது சிந்திய அளவுக்குக் கடையில் கிடைக்கிற சாதாரண டாட் 4 ஊற்றி நிரப்பச் சொன்னது நான்தான். அலாய் வீலுக்கே கையிருப்பு கரைந்துபோயிருந்தது.

கார் நிற்பது டயரால்தான். பிரேக் சக்கரத்தை மட்டுமே பிடிக்கும், சக்கரம் தரையைப் பிடிப்பது டயர் வழியாக. பழைய பிரேக்கை முழுக்க அழுத்தியபோதே ஏ.பி.எஸ். துடித்தது என்றால், டயர் தாங்கக்கூடியதைவிட அதிக பலம் அந்தப் பிரேக்கிடம் ஏற்கெனவே இருந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் வைத்தாலும் ஒரு தடவை நிற்கிற தூரம் குறையாது. பெரிய டிஸ்க்கால் கிடைக்கிற லாபம் வேறு: சூட்டைத் தாங்குவது. ஓட்டுநரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது, மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற அளவு வெப்பம் மூன்று விநாடிக்குள் பிரேக்கில் இறங்குகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. சின்ன டிஸ்க் என்றால் ஒரே பிடியில் 100 டிகிரிக்கு மேல் ஏறும். அடுத்த வளைவுக்குள் அது இறங்காவிட்டால், மீதத்தின் மேல் மீதமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

அந்தச் சூடு முதலில் தாக்குவது பேடை, பிறகு ஆயிலை. ஊருக்குள் ஓட்டுகிற பேட் 400 டிகிரியை நெருங்கும்போதே பிடிப்பை இழக்கத் தொடங்கும். அப்போது பெடல் கல்லாக நிற்கும், கார் நிற்காது. ஆயில் கொதித்தால் நேர்மாறு: குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகி, மிதித்த மிதியெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும், பெடல் தரைக்கு இறங்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்த பிறகு தரம் கேட்பதே 155 டிகிரிதான். சென்னைக் கடற்காற்றில் வருடக்கணக்கில் கிடந்த என் ஆயில் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. டிராக்குக்கென்று விற்கிற ஆயில்கள் புதிதில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். மெக்கானிக் சொன்ன தொகை அதற்கும் பேடுக்கும் சேர்த்துத்தான்.

புதுக் கிட்டோடு போன முதல் ஞாயிறு பிட்டில் ஒரே பாராட்டு. தடத்தில் சில சுற்றுகள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு பெடல் கெட்டியாகவே இருக்க, கார் வளைவைத் தாண்டி அகலப் போனது. அடுத்த சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தபோது கால் தரையைத் தொட்டது. இரண்டு முறை, மூன்று முறை குத்திக் குத்தி மிதித்து, கியரை இறக்கி, எப்படியோ வளைவுக்குள் நுழைந்தேன். உடம்பெல்லாம் நடுக்கம். மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவந்து, பிட்டில் இறங்கும்போதே, "டயர் போயிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பொய் தயாராகவே இருந்திருக்கிறது.

ஆயிலை வெளியேற்றும் பிளீடர் திருகை மெக்கானிக் திறந்தபோது வந்த ஆயில் கறுத்திருந்தது. கிட்டோடு வந்த பேட் சாதாரண ஊர்ப் பேட்தான், முகம் வெந்து இறுகிப் பளபளத்தது. டிஸ்க்கின் துளைகளைச் சுற்றி மயிரிழைக் கோடுகள். துளை பார்க்க அழகு, டிராக் சூட்டில் இரும்பு முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான். போதாக்குறைக்கு, அந்தக் கிட்டின் பிஸ்டன் அளவு, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்தவில்லை. தள்ளவேண்டிய ஆயில் கூடியதால் பெடல் எப்போதுமே ஆழமாக இறங்கியது. முன்பக்கம் பலம் ஏறி, பின்பக்க டிரம் அப்படியே இருந்ததால், முன்டயர்கள் மட்டும் சீக்கிரம் எல்லையைத் தொட்டன. பின்டயர் செய்யக்கூடிய வேலையும் வீணாயிற்று. மெக்கானிக் 'அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இதுவரை நடந்தது அசட்டுத்தனம். மன்னிக்கிறவர்கள் மன்னிக்கலாம். அடுத்து செய்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

என் காரைப் போலவே கார் வைத்திருந்த ஒரு தம்பி இருந்தான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பிட்டில் என் வீலைப் பார்த்துப் பார்த்து மாய்ந்தவன். "அண்ணா, எப்பவாவது குடுக்கறதா இருந்தா எனக்குச் சொல்லுங்கண்ணா" என்றிருந்தான். சொன்னேன். "வேற கார் எடுக்கலாம்னு இருக்கேன், அதான் கிட்டை விலைக்குத் தர்றேன்" என்றேன். வேறு கார் எடுக்கிற யோசனை எனக்குக் கனவிலும் இல்லை. கொடுப்பதற்கு முந்தின இரவு, பேடின் பளபளப்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து மங்கவைத்தேன். டிஸ்க்கைத் துடைத்தேன். கோடுகள் நகத்தில் தட்டவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆயில் மாற்றச் சொல்லி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான், கேட்டால் நடந்ததைச் சொல்லவேண்டிவரும்.

அந்தக் கிட்டோடு ஓட்டவந்த அன்று அவன் அதே நேர்ப்பாதையின் முடிவில் தடத்தை விட்டு இறங்கினான். புழுதி அடங்கியபோது கார் முழுசாக நின்றது, அவனுக்கும் காயமில்லை. நடந்துவந்து, "பெடல் கீழ போயிருச்சுண்ணா" என்றான். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். நான், "லேட்டா பிரேக் பிடிச்சா அப்படித்தான் தம்பி. இன்னும் முன்னாடியே கால் வைக்கணும்" என்றேன். அவன் தலையாட்டினான். அன்று முழுவதும், வளைவுக்கு வெகுதூரம் முன்பே பிரேக் பிடித்து, எல்லோருக்கும் வழிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தான்.

இப்போது என் காரில் கம்பெனி அளவு டிஸ்க், துளை இல்லாதது. டிராக்குக்கான பேட், குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் கீச்சிடும், வீலெல்லாம் கரித்தூள். வருடம் தவறாமல் ஆயில் மாற்றுகிறேன். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவைக்கிறேன். எங்கள் காரின் எடைக்கும் வேகத்துக்கும் இது தாராளம். கனமான, இருமடங்கு சக்தியுள்ள காரை வைத்துக்கொண்டு நல்ல பேடையும் ஆயிலையும் மீறிச் சூடேற்றுகிறவர்களுக்குப் பெரிய கிட் தேவைதான், அதுவும் மாஸ்டர் சிலிண்டர் கணக்கோடு செய்த கிட். நான் அந்த ஆள் இல்லை.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உப்புத்தாள் உட்பட. பணத்தைத் திருப்பி அனுப்பினேன். "அப்ப நான் பிரேக் பிடிச்ச இடம் சரிதானாண்ணா?" என்று மட்டும் கேட்டான். சரிதான் என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசுவதில்லை. அவன் பக்கம்தான் நியாயம்.

டிராக்கில் ஓட்டிய பிரேக் கிட்டை யாராவது உங்களிடம் விற்க வந்தால், விலை பேசுமுன் அதை ஏன் கழற்றினார் என்று கேளுங்கள். பேடை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முகத்தில் உப்புத்தாள் கீறல் தெரிந்தால் வாங்காதீர்கள்.