தகட்டின் இரண்டு விளிம்புகள்

பல வருடம் விட்டுவிட்டு ஐஸ் ஹொக்கிக்குத் திரும்புகிறவர்கள் முதல் செலவை மட்டையில்தான் செய்கிறார்கள். நாங்கள் ஸ்காபரோவில் சிறுவர்களாக விளையாடிய காலத்தில் மரமட்டையும் அலுமினிய மட்டையும் இருந்தன. இப்போது கடை நிறையக் கார்பன் மட்டைகள். முந்நூறு டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய மட்டையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறவர்களை வயதுவந்தோர் லீக்குகளில் எந்த இரவும் காணலாம். மட்டையில் பிழை இல்லை. அந்தக் காசில் பாதியைக் காலுக்குச் செலவழித்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

காலுக்கு என்றால் முதலில் சாணைக்கு. ஸ்கேற்றின் அடியில் உள்ள உருக்குத் தகடு கத்திமுனை மாதிரி ஒற்றைக் கூர் கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் அடிப்பக்கம் நடுவில் குழிந்திருக்கும். குழிக்கு இருபுறமும் உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று. குழியின் வளைவுக்கு 1/2 அங்குல ஆரம் வைத்தால் ஆழம் கூடும், விளிம்பு பனியைக் கவ்வும். 5/8 வைத்தால் ஆழம் குறையும், சறுக்கல் நீளும், ஆனால் சட்டென்று திரும்பும்போது கால் வழுக்கப் பார்க்கும். பாரமான ஆளுக்குத் தகடு தானாகவே ஆழமாக இறங்கிவிடும். ஆகவே உடம்பு வைத்துத் திரும்பி வருகிறவர் இளவயது அளவையே கேட்டு வாங்கினால், நிற்கப் போகும்போது தகடு கவ்விக்கொள்ளும், அடி முழங்காலுக்கு. நான் 5/8-க்கு மாறிவிட்டேன். சாணை பிடித்து வாங்கியதும் ஸ்கேற்றைக் கவிழ்த்து, இரு விளிம்புகளுக்கும் மேல் குறுக்காக ஒரு நாணயத்தை வைத்துப் பார்ப்பேன். நாணயம் ஒரு பக்கம் சரிந்தால் அந்த விளிம்பு தாழ்வு. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உடம்பு ஒன்றையும் மறக்காது என்பார்கள். அது அரை உண்மை. முன்னோக்கிப் போவது முதல் இரவே வந்துவிட்டது. பின்னோக்கிப் போவது சில வாரம் கழித்து வந்தது. இடப்பக்கம் திரும்பி நிற்பது மட்டும் வரவே இல்லை, ஏனென்றால் அது அந்த நாளிலும் என்னிடம் இருந்ததில்லை. பதினாலு வயதில் கால் பலம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு பக்கம் நிற்க வராவிட்டால் வட்டமடித்து வந்து சேரலாம், ஒருவருக்கும் தெரியாது. நாற்பதுக்குப் பிறகு அப்படி வட்டமடிக்க மூச்சு இல்லை.

அதனால் ரொறொன்ரோ நகரசபையின் திறந்தவெளித் தளங்களில், கூட்டம் இல்லாத காலைகளில், பக் என்ற ரப்பர் வட்டு இல்லாமல் போய் வெறும் விளிம்பு பழகுகிறேன். பக் போடும் வட்டம் முப்பது அடி விட்டம். அதன் கோட்டில் ஒற்றைக் காலில், வெளிவிளிம்பில் சாய்ந்து சுற்ற வேண்டும். சரியாகச் செய்தேனா என்று கேட்க ஒரு பயிற்சியாளரும் தேவையில்லை. பின்னால் திரும்பிப் பனியைப் பார்த்தால் போதும். மெல்லிய ஒற்றைக் கோடு தெரிந்தால் விளிம்பில் நின்றிருக்கிறேன். சில மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு ஓடினால் தகடு தட்டையாகிவிட்டது, சாயப் பயந்திருக்கிறேன்.

ஆட்டமும் நான் விட்ட இடத்தில் இல்லை. 2004-05 பருவம் முழுதும் முடங்கிப்போன தொழில்முறை லீக்கான என்ஹெச்எல், அடுத்த பருவம் திரும்பியபோது, சொந்த வலயத்திலிருந்து நடுச் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் பாஸ் கொடுக்க இருந்த தடையை எடுத்துவிட்டது. என் கண் இன்னும் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் தேடுகிறது. இளையவர்கள் எதிர் நீலக்கோட்டடியில் ஆள் நிற்கிறானா என்று முதலில் பார்க்கிறார்கள். எங்கள் லீக்கில் உடம்பால் மோதத் தடை. அது பெரிய நிம்மதி.

ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவர் ஒரு தடவை பனியில் இறங்கி ஆடும் நேரம், முக்கால் நிமிடம். அதற்குமேல் நின்றால் தொடையில் எரிவு ஏறும், முழங்கால் நிமிரும். நிமிர்ந்த காலால் விளிம்பில் சாய முடியாது. தகடு தட்டையாகி, நிற்க வேண்டிய இடத்தில் வழுகிப்போவேன், என் ஆளோ கோல் முன்னால் தனியாக நிற்பான். அணியிலேயே இளையவன், வாங்கிலிருந்து “அண்ணை, காணும், இறங்குங்கோ!” என்று கத்துவான். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. பக் காலடியில் இருக்கும்போது விட்டுவிட்டு வரச் சொல்கிறானே என்று. இப்போது அவன் வாயைத் திறக்க முன்பே முழங்காலைப் பார்த்து நானே வாங்குக்கு வந்துவிடுகிறேன், கதவைத் திறந்து விடுவதும் அவன்தான்.

இந்தக் குளிர்காலத்துக்கு இடப்பக்க நிறுத்தம் மட்டும். வேகமில்லாமல் போனால் பத்துக்கு ஆறு தடவை வருகிறது. பக்கோடு போனால் இன்னும் வலப்பக்கம்தான் திரும்புகிறேன்.