அவிழ்த்துக் கட்டும் வெளிச்சம்

மாநாட்டுச் சாலையோரம் ஆளுயரத்துக்கு மேல் ஒளிரும் கட்சிச் சின்னங்களை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கூட்டம் கலைந்தபின் அவை என்ன ஆகின்றன? அதைப் பார்க்கத்தான் மதுரைக்கு வெளியே இருக்கும் ஒரு சீரியல் செட் விளக்குப் பட்டறைக்குப் போனேன். உதயசூரியனும் இரட்டை இலையும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றன. இரண்டையும் கட்டியவை ஒரே கைகள்.

பழைய உதயசூரியன் ஒன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பட்டறையின் மூத்தவர் அதன் பின்பக்கத்தைக் காட்டினார். எல்லாம் 6 வோல்ட் குட்டி பல்புகள். 230 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ள நாற்பது நாற்பதாகக் கோத்திருந்தார்கள். "ஒண்ணு போனா வரிசையே படுத்துரும் சார்" என்றார். கதிர்கள் ஒவ்வொன்றாக விரிவதற்கு மோட்டார் சுழற்றும் ஒரு மர உருளை. அதன்மேல் செம்புத் தகடுகள். தகடு தொட்டால் கதிர் எரியும், விலகினால் அணையும். தகட்டை எவ்வளவு நீளம் வெட்டினாரோ அவ்வளவு நேரம்தான் அந்தக் கதிருக்கு.

அந்தப் பல்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலான மின்சாரம் வெறும் சூடாகவே போகிறது. இப்போது அந்த இடத்துக்கு 5 வோல்ட் எல்இடி பிக்சல்கள் வருகின்றன. ஐம்பது கொண்ட ஒரு சரம் முழு வெளிச்சத்தில் எரிந்தாலும் சுமார் 15 வாட்தான். மழையில் நனைந்த சாரத்தில் நின்று ஒயரைத் தொடுகிறவருக்கு, 230 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே இருப்பது உயிர்.

ஆனால் எல்இடி என்றாலே பசுமை ஆகிவிடாது. ஒட்டி மூடிய மலிவு விளக்குப் பட்டையில் ஒரு பகுதி செத்தால் பட்டையே குப்பைக்குப் போகிறது. பிக்சல் சரம் அப்படியல்ல. பாதியில் அணைந்துபோன ஒரு சரத்தை எடுத்த இளம்பெண், எரியும் கடைசி விளக்கு வரை விரலால் எண்ணிப் போனார். அடுத்ததை வெட்டி எறிந்து, மூன்று ஒயர்களைச் சீவி, புதியதைச் சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டினார். மிச்ச வரிசை முழுக்க உயிர்பெற்றது.

சின்னத்தைத் தாங்கும் சட்டத்துக்குப் பழைய மூங்கிலே போதும். கட்டுக்குச் சணல் கயிறு. "பிளாஸ்டிக் டேக்கை அறுத்துத்தான் எடுக்கணும். சணலை அவுத்து மறுபடியும் கட்டலாம்" என்றார் மூத்தவர்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த மாநிலம் இது. அந்த அக்கறை கட்சிகளின் சொந்த மேடைக்கும் வர வேண்டும். விளக்கை விலைக்கு வாங்கி எறியாமல் வாடகைக்கு எடுக்கட்டும். பழுது பார்க்க முடிகிறதா என்று கேட்டு ஆர்டர் கொடுக்கட்டும். கட்டும் நாளுக்குக் கிடைக்கும் கூலி, பிரித்துச் சரிபார்க்கும் நாளுக்கும் கிடைக்க வேண்டும். அந்தக் கூலியும் பில்லில் ஏறினால்தான் இந்தச் சூரியன் அடுத்த மாநாட்டிலும் உதிக்கும்.