கோவை டு மாஸ்கோ: போட்டிக்குக் கிளம்புறீங்களா?

பீளமேட்டில் விமானம் ஏறி, ஷார்ஜாவில் மாறினால் மாஸ்கோ. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. விளையாட்டுப் போட்டிக்கும் அது செல்லும்.

நம்ம ஊர் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. கையில் டாலர் அவசியம். போனதும் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மாஸ்கோ நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே இரவு 8 மணிப் போட்டி, உடம்புக்குப் பத்தரை மணி. இரண்டு நாள் முன்பே போய்விடுங்கள்.

குளிரில் சளி பிடித்தால், கடையில் கேட்டு மாத்திரை போடாதீர்கள். சில சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபிட்ரின், போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்ட மருந்து. பல வருட உழைப்பு ஒரு மாத்திரையில் போய்விடும். அணி மருத்துவரைக் கேளுங்கள்.

சைவமா? 'கிரேச்கா' தானியச் சோறு எங்கும் கிடைக்கும். நம்ம பருப்புப்பொடி போட்டுப் பிசைந்தால், அரிசிம்பருப்புக்கு ஏங்கும் நாக்கு கொஞ்சம் அடங்கும்!