மூஞ்சியில பிளாஸ்டிக்கா?

நாக்பூர் வெயிலில் மூணு வருஷம்; தங்கமணி கன்னத்தில் மங்கு. டாக்டர் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீனைப் பத்தே நாளில் ஓரங்கட்டிட்டாங்க. டியூபில் 'அக்ரிலேட்ஸ் கோபாலிமர்'னு போட்டிருக்காம். "ஏங்க, இது பிளாஸ்டிக்காமே!"

ஒரு வகையில் நிஜம்தான். லோன் பேப்பரின் பொடி எழுத்தைப் படிச்சுப் பழகின கண்ணாச்சே, நானும் உட்கார்ந்து படிச்சேன். காய்ந்ததும் அது பாலாடை மாதிரி தோல் மேல் படியும்; வியர்வையில் கிரீம் வழியாமல் பிடிச்சு வைக்கும். 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலுக்குள் எளிதில் நுழையாது. இதன் எடையோ பல ஆயிரம். கழுவினால் சாக்கடைக்குத்தான் போகுது, அந்த உறுத்தல் எனக்கும் உண்டு.

"அப்ப ரப்பர் துகள் மாதிரி உருளுதே?"

மாய்ஸ்சரைசர் காயறதுக்குள்ள மேலே பூசினா உருளும், அஞ்சு நிமிஷம் பொறுன்னேன். பதிலே இல்லை.

இன்னிக்குக் காலையில் டியூப் கண்ணாடி முன்னால் இருந்தது. மூடி திறந்தபடி :-)