பூவன் இலையில் மஞ்சள் கீற்று

லால்குடிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் வாழை. ரஸ்தாளியை வாடல் நோய் கொண்டுபோன பிறகு பூவனுக்கு மாறினேன். இந்த வருடம் பூவன் இலைகளிலும் மஞ்சள் மஞ்சளாகக் கீற்று. கன்று நல்ல தோட்டத்தில் எடுத்தது. அங்கே இந்த நோய் கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது?

பதிலில் பாதியைத் தென்னூரில் இருக்கும் என் அக்கா மகள் சொன்னாள். உயிரித் தகவலியல் படிக்கிறாள்.

பூவனுக்கு மூதாதை இரண்டு காட்டு வாழைகள். ஒன்று அக்யூமினேட்டா, அதாவது 'ஏ'. மற்றது பல்பிசியானா, 'பி'. பூவன் ஏஏபி, மொந்தன் ஏபிபி. 'ஏ' வாழையின் மரபணுத் தொகுப்பை 2012-ல் வெளியிட்டார்கள். 36,000-க்கு மேல் மரபணுக்கள். மறுவருடமே 'பி' வாழைக்கும் ஒரு வரைவு வந்தது. அதை 'ஏ'-யைப் பார்த்துத்தான் அடுக்கினார்கள்.

"மாமா, கருவி மரபணுத் தொகுப்பை முழுசா ஒரே மூச்சில் படிக்காது. கோடிக்கணக்கான துண்டாகத்தான் படிக்கும். திருச்சிப் பதிப்பு பேப்பரைச் சுக்குநூறாகக் கிழிச்சு, மதுரைப் பதிப்பைப் பக்கத்தில் வச்சுக்கிட்டு ஒட்டுற மாதிரி" என்றாள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் திருச்சிக்கு மட்டுமான செய்தி மதுரைப் பதிப்பில் இருக்காதே? அந்தத் துண்டுகள் ஒட்ட இடமில்லாமல் மிச்சம் கிடக்கும்.

நம் சங்கதி அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது. கீற்று நோய் வைரஸின் துண்டுகள் 'பி' வாழையின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே தைத்துக் கிடக்கின்றன. கலப்பு வாழைகளில் வெயில், குளிர், திசு வளர்ப்பு போன்ற நெருக்கடி வந்தால் சில சமயம் விழித்துக்கொள்ளும். 'ஏ'-யை மட்டும் பார்த்து ஒட்டுகிறவர் கண்ணில் இது படாமல் போகலாம். அதனால் மிச்சத் துண்டுகளைத் தனியே ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கிற மென்பொருளும் வேண்டும். 2019-ல் நீளமான துண்டுகளைப் படிக்கும் கருவி கொண்டு, 'ஏ'-யின் துணையில்லாமலே 'பி'-யை அடுக்கி வெளியிட்டார்கள்.

இதில் நமக்கு ஒரு காரியம் உண்டு. சாதாரண மரபணுச் சோதனை, தூங்குகிற துண்டையும் பிடித்து 'வைரஸ் உண்டு' என்று சொல்லிவிடக்கூடும். அதனால் பூவன் கன்று வாங்கும்போது, 'விழித்த வைரஸைப் பிரித்துக் காட்டும் சோதனை செய்ததா?' என்று கேளுங்கள். இங்கே தாயனூர்ப் பக்கம் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் விவரம் கேட்கலாம். நோய் விழித்த பிறகு மாவுப்பூச்சி அதைப் பரப்பும். கீற்று விழுந்த குத்தில் கன்று எடுக்கவே கூடாது. என் தோட்டத்தில் அந்தக் குத்துகளுக்குச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். தார் வெட்டியதும் கிழங்கோடு தோண்டி எடுக்கப்போகிறேன்.