“ஏர் இழுக்குது சார்!” - புதுப்பேட்டையில் ஒரு காலைப் பொழுது

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான் புதுப்பேட்டை. ஆனால், ஆதித்தனார் சாலையைத் தாண்டி சந்துகளுக்குள் நுழைந்ததும் ஊரே மாறிவிடும். ஒரு கடை வாசலில் கார் கதவுகள் மட்டும். அடுத்த கடையில் பம்பர்கள். அதற்கடுத்த கடையில் ஆள் உயரத்துக்கு சைலன்ஸர்கள். ஆயில் ஊறி ஊறி தரையே கறுத்துக்கிடக்கும். பக்கத்திலேயே கூவம். வண்டிக்குப் புது பாகம் வேண்டுமா, அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு. பழசு வேண்டுமா, புதுப்பேட்டை. சென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது மனப்பாடம்.

நான் போனது நண்பனின் அப்பாவோடு, அவருடைய 1998 மாடல் மாருதி 800-ல். ரிட்டயர் ஆனவர், கையில் ஸ்பேனர் இருந்தால் சாப்பாடே மறந்துவிடும். கார்புரேட்டரை வீட்டு வாசலிலேயே கழற்றி, பெட்ரோலில் கழுவி, மறுபடி மாட்டியிருந்தார். அன்றிலிருந்து சிக்கல். மெயின் ரோட்டில் நன்றாக ஓடும். சிக்னலில் நின்றால் உடம்பெல்லாம் நடுங்கி, அணைந்துவிடும். ‘பேசாம காயலான் கடைக்குப் போட்டுடுங்க’ என்று வீட்டில் முடிவே எடுத்துவிட்டார்கள்.

வண்டியை நிறுத்திய இரண்டாவது நிமிடமே ஒருவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். “குடுக்குறீங்களா சார்?” என்றார். அங்கிள் பதில் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

சந்து முனையில் இருந்த மெக்கானிக் அண்ணன் வந்து பானெட்டைத் திறந்தார். எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். “ஏர் இழுக்குது சார்” என்றார்.

அதென்ன ஏர் இழுப்பது? ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சிப் பாருங்கள், காற்றுதான் வரும். என்ஜினும் உறிஞ்சும் ஜாதிதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றையும் பெட்ரோலையும் கலந்து இழுக்கிறது. வழியில் ஒரு டியூபிலோ பேக்கிங்கிலோ ஓட்டை இருந்தால், கார்புரேட்டரைத் தொடாமலேயே காற்று உள்ளே புகுந்துவிடும். கலவையில் பெட்ரோலின் பங்கு குறைந்துபோகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஓட்டும்போது நிறைய காற்று போவதால் இந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. நிற்கும்போது போகும் காற்றே கொஞ்சம்தான். அப்போது சின்ன ஓட்டையும் பெரிய தொல்லை. சிக்னலில் மட்டும் வண்டி அணைந்ததற்குக் காரணம் இதுதான்.

அண்ணன் முதலில் சோக்கை லேசாக இழுக்கச் சொன்னார். நடுக்கம் குறைந்தது. பெட்ரோல் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். “ஜெட் அடைச்சிருந்தாலும் இப்படித்தான் தம்பி பண்ணும். அவசரப்படக் கூடாது” என்றார் என்னிடம்.

அடுத்து, ஒரு நீளமான ரப்பர் டியூப். ஒரு முனை காதில், மறு முனை என்ஜின் மேல். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். பிறகு சின்னச் சின்ன வேக்குவம் டியூப்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பிடித்தார். ஏர் கிளீனருக்கு அடியில் ஒன்றைப் பிடித்ததும் என்ஜின் சத்தமே மாறியது. உருவிக் காட்டினார். வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப்போன ரப்பர். கழற்றி மாட்டியதில் முனையில் கீறல் விட்டிருந்தது.

டியூபை மாற்றியும் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஒரு லீக் கிடைத்துவிட்டால் தேடலை நிறுத்திவிடக் கூடாது என்பது அங்கேதான் புரிந்தது. சோப்புத் தண்ணீரை கார்புரேட்டரின் அடிப்பக்கம் லேசாகத் தெளித்தார். ஓர் ஓரத்தில் மட்டும் நுரை சட்டென்று உள்ளே போனது, சத்தமும் ஒரு நொடி மாறியது. பழைய பேக்கிங்கையே திரும்ப வைத்திருந்தார் அங்கிள். புது பேக்கிங் வைத்து, நட்டுகளை ஒரே பக்கமாக முறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வண்டி அமைதியாக நின்று ஓடியது. டியூபும் பேக்கிங்கும் சேர்த்து ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசுகூட ஆகவில்லை.

முதலில் விலை கேட்டவர் மறுபடி வந்தார். “இல்லப்பா, வீட்டுக்குப் போகுது” என்றார் அங்கிள்.

நீங்களும் வீட்டில் பானெட்டைத் திறப்பவர் என்றால், சில விஷயங்கள்:

* லீக் தேடுகிறேன் என்று ஓடும் என்ஜின் மேல் பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ அடிக்காதீர்கள். சூடான இடத்தில் பட்டால் தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும், அதையும் கரன்ட் வயர்கள் மேல் படாமல் தெளியுங்கள்.

* துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, அவிழ்த்த கூந்தல் எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

* வேக்குவம் கேஜ் கிடைத்தால் நல்லது. சென்னை மாதிரி கடலோர ஊரில், நல்ல என்ஜின் நின்று ஓடும்போது முள் 17 முதல் 22 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்கும். அதைவிடக் குறைவாகவே நின்றால் லீக் இருக்கலாம்.

* பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் பெடல் திடீரென்று கல்லுமாதிரி ஆனால், பூஸ்டருக்குப் போகும் பெரிய டியூபை உடனே காட்டுங்கள். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் சந்துகளில் நிற்கவே இடம் கிடைக்காது. கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பார்த்ததும் எடுத்துத் தருவார்கள். கதவு, கண்ணாடி, பம்பர் பழசாகவே வாங்கலாம். ரப்பரும் பேக்கிங்கும் மட்டும் புதுசாக வாங்குங்கள்.