நீலத் திரை காப்பாற்றிய கூத்து

2020 ஜூலை. பஸ் ஓடவில்லை. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். அவலூர்பேட்டை விழுப்புரம் மாவட்டம். லேப்டாப் ரிப்பேர் கடை இருந்த திருவண்ணாமலை வேறு மாவட்டம். அக்கா வாழ்க்கைப்பட்ட சேத்துப்பட்டும் அப்படித்தான்.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு தொடங்கியிருந்தது. வீட்டில் இருந்தது அக்காவின் அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அவள் பிளஸ் டூ படித்தபோது கிடைத்தது. அதிலிருந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் அந்த ஜனவரி 14-ம் தேதியே ஆதரவை நிறுத்திவிட்டது. அடிக்கடி தானாக அணைந்து எழுந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10 போட்டால் சரியாகிவிடும் என்று தம்பி முடிவு செய்தான். நண்பனிடம் பென்டிரைவ் வாங்கி வந்து செருகினான்.

விண்டோஸ் சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின. திடீரென்று திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு சோக முகம். மறுபடி போட்டான், மறுபடி நீலம். நாலாவது தடவை அம்மா எட்டிப் பார்த்து, "வாத்தியார் தெரியறாராடா?" என்று கேட்டார்.

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"அண்ணா, நீலமா வருது."

"நீலமா வர்றது இருக்கட்டும் தம்பி. கீழ சின்னதா என்னா எழுதியிருக்கு? அதைப் படி."

அதைத்தான் யாரும் படிப்பதில்லை. நீலம் என்பது நோய் அல்ல, மருந்துச்சீட்டு மாதிரி. தொடர்ந்து ஓடினால் கோப்புகள் கெட்டுப்போகும் என்று தெரிந்து கணினி தானாகவே நின்றுவிடுகிறது. நின்ற காரணத்தை ஒரு வரியில் எழுதியும் வைக்கிறது. 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்றிருந்தால் ஹார்ட் டிஸ்கைப் பார்க்க வேண்டும், அல்லது பயாஸில் அதன் அமைப்பை. தம்பி படித்துச் சொன்னது, 'மெமரி மேனேஜ்மென்ட்'.

"நடுவுல ராம் ஏதாச்சும் சேர்த்தீங்களா?"

சேர்த்திருந்தார்கள். வேகமாக ஓடட்டும் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் யாரிடமோ வாங்கிய பழைய ராம்.

"அதான். சார்ஜரைப் புடுங்கு. பேட்டரியைக் கழட்டு. அப்புறம் பின்பக்க மூடியைத் திற. ரெண்டு பக்கமும் இருக்கிற கொக்கியை விலக்கினா ராம் தானா எழும்பும். ஓரத்தைப் பிடி, தங்கக் கலர் பல்லுல கை படக்கூடாது. புதுசா போட்டதை எடுத்துட்டு, பழசை மட்டும் வெச்சுப் பாரு."

தம்பி மூடியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் அக்கா போன் செய்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். சொன்னான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"டேய், எதையும் அழிச்சிடலியே? 'பிசிக்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுலதான்டா அப்பா இருக்காரு."

அப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். இறந்து நாலு வருடம். அக்கா பழைய போனில் எடுத்த பதினோரு நிமிட வீடியோதான் மிச்சம். போன் எப்போதோ போய்விட்டது. தம்பி கேம் ஏற்ற இடம் வேண்டுமென்று கண்டதையும் அழிக்கிறவன். பாடப் புத்தகத்தின் பெயர் வைத்தால் அந்தப் பக்கமே வரமாட்டான் என்று அவள் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே அவனுக்கு அது தெரியவும் இல்லை.

டிஸ்கைப் பிரிக்கும், அழிக்கும் பக்கம் வருவதற்கு முன்பே நீலத் திரை வந்து நின்றுவிட்டது. ராம் நன்றாக இருந்திருந்தால், அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் துடைத்திருப்பான்.

ஒற்றை ராமோடு லேப்டாப்பை ஏற்றினான். பென்டிரைவைச் செருகவில்லை. ஆரம்பத்தில் வரும் பட்டியலில் விண்டோஸுக்குப் பக்கத்தில் 'பாஸ்' என்று இன்னொரு பெயர். சி-டாக் உருவாக்கிய இந்திய லினக்ஸ். திட்டத்தின் லேப்டாப்களில் அதையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். பெரும்பாலான வீடுகளில் யாரும் அதைத் திறந்ததே இல்லை. "விண்டோஸ் இப்ப எந்த நிலையில இருக்கோ, அதைத் தொடாத. பாஸ்ல போய் காப்பி பண்ணு" என்றார் கடைக்காரர். விண்டோஸின் டி டிரைவ் அதில் அப்படியே தெரிந்தது. வேறொரு பென்டிரைவில் 'பிசிக்ஸ்' ஃபோல்டர் முழுவதையும் ஏற்றினான். ஏறியதா என்று திறந்தும் பார்த்தான்.

அதற்குப் பிறகுதான் விண்டோஸ் 10. ஒரு தடவைகூட நீலம் வரவில்லை. ராம் குறைந்துவிட்டதால் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். வகுப்புக்குப் போதும்.

அன்று ராத்திரி வீடியோவை அக்காவுக்கு அனுப்ப நெட் இழுக்கவில்லை. போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான். முகவீணை கீச்சென்று எழுந்தது. கட்டியங்காரன் திரையை விலக்கிக்கொண்டு வந்து ராஜாவையே கிண்டல் செய்தார். சேத்துப்பட்டில் அக்கா சிரிப்பது கேட்டது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "சவுண்டை இன்னும் வை" என்றார்.